ரெண்டு கேபிள் போட்டும் வேகம் ஏன் கூடவில்லை? ஸ்விட்ச் வழி பார்க்கும் விதமும், நாம் செய்ய வேண்டியதும்

தை அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜிலிருந்து கூப்பிட்டார்கள். கீழ்த்தள ஸ்விட்சிலிருந்து (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) மாடி ஸ்விட்சுக்குப் போகும் ஒரே கேபிள் போதவில்லை, அறைகள் நிரம்பினால் வைஃபை திணறுகிறது என்று அவர்களே பக்கத்தில் இன்னொரு கேபிள் இழுத்துச் செருகியிருக்கிறார்கள். இரண்டிலும் விளக்கு எரிகிறது, வேகம் மட்டும் கொஞ்சமும் ஏறவில்லை. இதே கேள்வி மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில், கீழக்கரையில் ஒரு ஜவுளிக்கடையில், தொண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்று இந்தக் கடற்கரை நெடுக என்னிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் போனில் பாதி சொல்லிப் பாதி விடுவதைவிட, நாலைந்து ஸ்விட்ச் வைத்துச் சமாளிக்கிற யாரும் தானே செய்து பார்க்கும்படி முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் நெரிசல் குறைவு என்று ஸ்விட்ச் பார்ப்பதில்லை. ரயில்வே கேட் மூடியிருப்பதைப் பார்த்ததும் ராமநாதபுரத்து ஆட்டோக்காரர் வண்டியை வேறு தெருவில் திருப்பிவிடுவார், ஸ்விட்சுக்கு அந்தப் பார்வை கிடையாது. அதனிடம் சில அட்டவணைகளும் சில கணக்குகளும் இருக்கின்றன, அவை சொன்ன வழியில் அனுப்பும், அந்த வழி நிரம்பி வழிந்தாலும் அனுப்பும். பெரிய டேட்டா சென்டர்களுக்கென்று வரும் சில ஸ்விட்சுகள் நெரிசலையும் கணக்கில் எடுக்கும், ஆனால் நாம் கடையில் வாங்கும் பெட்டிகளில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே கணக்கைத் தெரிந்துகொண்டு அதற்கு ஏற்றபடி கேபிளையும் முகவரியையும் அமைப்பதுதான் நம் வேலை.

சாதாரண ஸ்விட்ச், அதாவது லேயர் 2 ஸ்விட்ச், எப்படி வழி தெரிந்துகொள்கிறது என்பது சுலபம். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஒரு அடையாள எண் உண்டு. ஒரு போர்ட் (கேபிள் செருகும் ஓட்டை) வழியாக ஒரு ஃப்ரேம் (தகவல் துண்டு) உள்ளே வந்தால், அனுப்பியவரின் மேக் முகவரியையும் அந்த போர்ட் எண்ணையும் ஸ்விட்ச் எழுதிவைக்கும். பிறகு அந்த முகவரிக்கு எது வந்தாலும் அந்த போர்ட்டில் மட்டும் தள்ளும். தெரியாத முகவரி என்றால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தள்ளிவிடும். எழுதிவைத்தது வழக்கமாக 300 விநாடி இருக்கும், அதற்குள் அந்தக் கருவியிடமிருந்து எதுவும் வரவில்லை என்றால் அழிந்துவிடும். அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே என்றால், 'எல்லாவற்றிலும் தள்ளும்' இடத்தில். இரண்டு ஸ்விட்சுக்கு நடுவே இரண்டு கேபிள் இருந்தால், தள்ளியது மறு கேபிள் வழியாகத் திரும்பி வரும், திரும்பி வந்ததை இது மறுபடி தள்ளும். ஃப்ரேமுக்குள் பயணிக்கும் ஐ.பி. பாக்கெட்டில் டி.டி.எல். என்று ஒரு எண் உண்டு, ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யமானால் பாக்கெட் தூக்கி எறியப்படும். ஈத்தர்நெட் ஃப்ரேமில் அப்படி எதுவும் இல்லை, யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் ராத்திரி யாரோ தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைப் பக்கத்து ஓட்டையில் செருகிவிட்டார்கள், ஒரு நிமிடத்துக்குள் எடைமேடைக் கம்ப்யூட்டர், கேமரா, பில்லிங் எல்லாம் நின்றுபோனது. விடியற்காலை லாரி வந்து நிற்கிறது, எடை போட முடியவில்லை. அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்கே இருந்தவை எல்லாம் செட்டிங் எதுவும் இல்லாத மலிவு ஸ்விட்சுகள்.

இதைத் தடுக்கத்தான் ஸ்பானிங் ட்ரீ, அதாவது எஸ்.டி.பி. டி.இ.சி. என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த ராடியா பெர்ல்மன் 1985இல் இதை உருவாக்கினார், 1990இல் 802.1டி என்ற தரமாக வந்தது. ஸ்விட்சுகள் தங்களுக்குள் சின்னச் சின்னச் செய்திகள் அனுப்பி, ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்தெடுக்கும். அதற்குப் பெயர் ரூட் பிரிட்ஜ். மற்ற ஒவ்வொன்றும் அந்தத் தலைமைக்குப் போகச் செலவு குறைந்த ஒரே ஒரு வழியை வைத்துக்கொண்டு, வளையத்தை உண்டாக்கும் மீதி போர்ட்டுகளை அடைத்துவிடும். லாட்ஜில் நடந்தது இதுதான்: இரண்டாவது கேபிளில் விளக்கு எரிந்தது, ஆனால் ஸ்விட்ச் அதை அடைத்து வைத்திருந்தது. முதல் கேபிள் அறுந்தால் மட்டும் அது திறக்கும்.

1988க்கு முன்னால் பாம்பனைத் தாண்டத் தரை வழி என்றால் 1914இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான். சாலைப் பாலம் வந்த பிறகு வழி இரண்டானது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றபோது மண்டபத்தில் இறங்கி, சாலைப் பாலத்தில் பஸ் ஏறித் தீவுக்குப் போனோம், புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும் வரை அப்படித்தான். ஒரு வழி போனாலும் மறு வழி காப்பாற்றுகிறது, அது எஸ்.டி.பி. தரும் பலன். ஆனால் சாலையும் ரயிலும் ஒரே நேரத்தில் ஓடினால்தானே கூட்டம் பிரியும்? எஸ்.டி.பி. அதைத் தராது.

பிரிப்பதற்குப் போகும் முன், ரூட் பிரிட்ஜை நீங்களே முடிவு செய்யுங்கள். இதை ஒருவர்கூடச் செய்வதில்லை என்பது என் ஆதங்கம். எல்லா ஸ்விட்சும் பெட்டியிலிருந்து வரும்போது பிரையாரிட்டி 32768 என்றே இருக்கும். எண் சமமாக இருந்தால், யாருடைய மேக் முகவரி சிறியதோ அதுதான் தலைமை. ஒரே கம்பெனியின் ஸ்விட்சுகளில் பழையதற்குத்தான் பெரும்பாலும் சின்ன முகவரி இருக்கும், ஆக மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் பத்து வருடப் பழைய 100 எம்.பி. (விநாடிக்கு 100 மெகாபிட்) பெட்டி தலைமையாகி, மொத்தப் போக்குவரத்தும் அதைச் சுற்றிப் போகும்படி ஆகிவிடுகிறது. ரூட்டர் எந்த ஸ்விட்சில் செருகியிருக்கிறதோ அதில் பிரையாரிட்டியை 4096 என்று வையுங்கள், அதற்குத் துணையாக இன்னொன்றில் 8192. எண் 4096இன் மடங்காக இருந்தால்தான் ஏற்கும். கூடவே, கிடைக்கிற ஸ்விட்சில் எல்லாம் ஆர்.எஸ்.டி.பி. முறைக்கு மாற்றுங்கள். பழைய முறையில் ஒரு வழி போனால் மறு வழி திறக்க 30 முதல் 50 விநாடி ஆகும், 2001இல் வந்த ஆர்.எஸ்.டி.பி. பெரும்பாலும் ஓரிரு விநாடிக்குள் முடித்துவிடும். கம்ப்யூட்டரும் கேமராவும் செருகும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்துவிட்டு, பி.பி.டி.யு. கார்டு இருந்தால் அதையும் போடுங்கள். அந்த போர்ட்டில் யாராவது தெரியாமல் இன்னொரு ஸ்விட்சைச் செருகி வளையம் உண்டாக்கினால் அந்த ஒரு போர்ட் மட்டும் அணையும், மற்ற இடம் பிழைக்கும்.

செலவு எப்படிக் கணக்கிடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பழைய கணக்கில் 100 எம்.பி. கேபிளுக்கு 19, 1 ஜி.பி.க்கு 4, 10 ஜி.பி.க்கு 2. நேரடியாக ஒரு 100 எம்.பி. கேபிளும், நடுவில் ஒரு ஸ்விட்சைத் தொட்டுப் போகும் இரண்டு 1 ஜி.பி. கேபிளும் இருந்தால், 19க்கு எதிராக 4ம் 4ம் சேர்ந்து 8, சுற்று வழியே ஜெயிக்கும். நேர் வழி ஏன் அடைபட்டிருக்கிறது என்று குழம்பினால் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். புதுக் கணக்கில் 1 ஜி.பி.க்கு 20000, 100 எம்.பி.க்கு 2,00,000. ஒரு ஸ்விட்சில் பழைய கணக்கும் இன்னொன்றில் புதியதும் இருந்தால் கூட்டலுக்கு அர்த்தமே போய்விடும், எல்லாவற்றிலும் ஒன்றாக வையுங்கள்.

சரி, இப்போது இரண்டு கேபிளையும் வேலை செய்ய வைப்போம். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி, எஸ்.டி.பி. கண்ணுக்கு ஒரே கேபிளாகக் காட்டுவதுதான் லிங்க் அக்ரிகேஷன். இரு பக்கமும் பேசி ஒப்புக்கொண்டு கட்டும் முறைக்கு எல்.ஏ.சி.பி. என்று பெயர், 2000இல் 802.3ஏடி என்று வந்தது. செய்யும் வரிசை முக்கியம். முதலில் இரண்டாவது கேபிளைப் பிடுங்கி வையுங்கள். இரண்டு ஸ்விட்சிலும் அந்தந்த போர்ட்டுகளைக் குழுவாக்குங்கள். குழுவில் உள்ள போர்ட்டுகளுக்கு ஒரே வேகம், ஒரே வி.லேன் (ஒரு ஸ்விட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிப்பது) அமைப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கமாவது ஆக்டிவ் என்று இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் பாசிவ் என்று வைத்தால் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டே இருக்கும், கட்டு உருவாகாது. நான் இரண்டிலும் ஆக்டிவ் வைப்பேன். எல்லாம் சேமித்த பிறகு கேபிளைச் செருகுங்கள். பேச்சுவார்த்தை இல்லாமல் கட்டும் ஸ்டாட்டிக் முறையும் உண்டு, மறு பக்கம் தவறாக இருந்தாலும் இது கண்ணை மூடிக்கொண்டு அனுப்பும், அதனால் வேறு வழி இல்லாதபோது மட்டும்.

இதைச் செய்து முடித்ததும் வேக சோதனை ஓட்டி, 'இரண்டு மடங்கு ஆகவில்லையே' என்பார்கள். ஆகாது. ஒரு கருவி இன்னொரு கருவியோடு பேசும் ஒரு இணைப்பு முழுவதும் ஒரே கேபிளில்தான் போகும். பாக்கெட்டுகளைக் கேபிளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி அனுப்பினால், ஐந்தாவது முன்னால் வந்து நாலாவது பின்னால் வரும். எல்லாம் ஒழுங்காகச் சேர்கிறதா என்று கவனிக்கும் டி.சி.பி. அதைப் பார்த்துப் பாக்கெட் தொலைந்துவிட்டது என்று நினைத்து வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் வேண்டுமென்றேதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு 1 ஜி.பி. கேபிள் என்றால் ஒருவருக்கு 2 ஜி.பி. என்று அர்த்தம் இல்லை, ஐம்பது அறைக்காரர்கள் இரண்டு கேபிளில் பிரிந்து உட்காருகிறார்கள் என்று அர்த்தம்.

யார் எந்தக் கேபிளில் உட்காருவது என்பதை ஹாஷ் என்ற கணக்கு முடிவு செய்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பெரும்பாலான தொந்தரவு இங்கேதான் பிறக்கிறது. அனுப்புகிறவர் முகவரி, வாங்குகிறவர் முகவரி இரண்டையும் எடுத்து, ஸ்விட்ச் ஒரு சின்னக் கணக்குப் போடும். மிக எளிய வகை இப்படி: இரண்டு முகவரியின் கடைசி எண்களும் இரட்டைப்படை, அல்லது இரண்டும் ஒற்றைப்படை என்றால் முதல் கேபிள். ஒன்று ஒற்றை ஒன்று இரட்டை என்றால் இரண்டாவது கேபிள். ஒரு மீன் பதப்படுத்தும் கூடத்தில் 12 கேமரா, ஒவ்வொன்றும் 8 எம்.பி. பழைய பி.ஓ.இ. (கேபிளிலேயே கேமராவுக்கு மின்சாரமும் தரும்) ஸ்விட்ச், அதில் எல்லாமே 100 எம்.பி. போர்ட், ரெக்கார்டர் பக்கம் போக இரண்டு கேபிளைக் கட்டியிருந்தார்கள். அப்படியும் படம் உறைந்து உறைந்து வந்தது. முகவரிகளைப் பார்த்தேன்: கேமராக்களுக்கு நினைவில் வைக்கச் சுலபமாக 10, 20, 30 என்று 120 வரை, ரெக்கார்டருக்கு 200. எல்லாமே இரட்டைப்படை! பன்னிரண்டும் ஒரே கேபிளில் ஏறி, 96 எம்.பி. சுமையோடு அது மூச்சுத் திணற, மறு கேபிள் காலியாகக் கிடந்தது. ஆறு கேமராவின் முகவரியை 11, 31, 51 என்று ஒற்றைப்படையாக மாற்றினேன், கேபிளுக்கு 48 எம்.பி. ஆனது, படம் தெளிந்தது. புதுப் பொருள் ஒன்றும் வாங்கவில்லை.

ஆகவே ஹாஷுக்கு எதை எடுத்துக்கொள்கிறது என்பதை செட்டிங்கில் தேடிப் பாருங்கள். வாங்குகிறவரின் மேக் முகவரி மட்டும் என்று இருந்தால், லாட்ஜ் முழுவதும் இன்டர்நெட்டுக்குப் போவது ஒரே ரூட்டருக்குத்தானே, அத்தனை பேரும் ஒரே கேபிளில் ஏறுவார்கள். இரு பக்க ஐ.பி. முகவரியும் சேர்த்து என்று மாற்றுங்கள். டி.சி.பி. போர்ட் எண்ணையும் (இது கேபிள் ஓட்டை அல்ல, ஒவ்வொரு இணைப்புக்கும் உள்ள எண்) சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது, இரண்டே கருவிகள் பேசினாலும் அவற்றின் பல இணைப்புகள் பிரிந்து போகும்.

இன்னொன்று, இதைப் பலர் தவறவிடுகிறார்கள்: ஒவ்வொரு ஸ்விட்சும் தான் அனுப்புவதற்கு மட்டும்தான் கணக்குப் போடுகிறது. கேமரா படம் கீழிருந்து ரெக்கார்டருக்குப் போகிறது என்றால் கேமரா பக்கத்து ஸ்விட்சில் ஹாஷை மாற்ற வேண்டும். இன்டர்நெட்டிலிருந்து அறைகளுக்கு இறங்கும் வீடியோ நெரிகிறது என்றால் ரூட்டர் பக்கத்து ஸ்விட்சில் மாற்ற வேண்டும். தப்பான பக்கம் மாற்றிவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிள் எண்ணிக்கையை 2, 4, 8 என்று வைப்பதும் நல்லது. எட்டுக் கூடைகளாகப் பிரித்து, கூடைகளைக் கேபிளுக்குப் பங்கு போடும் ஸ்விட்சுகள் உண்டு, அவற்றில் மூன்று கேபிள் போட்டால் 3, 3, 2 என்று ஏறுமாறாகத்தான் விழும்.

ஸ்விட்ச் ரூட்டர் வேலையும் செய்தால், அதாவது லேயர் 3 என்றால், கணக்கு வேறு. பாம்பனில் இரண்டு பலகை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: 'தீவு முழுவதும், நேராக' என்று ஒன்று, 'குந்துகால், வலது பக்கம்' என்று இன்னொன்று. குந்துகால் போகிறவர் இரண்டாவதைத்தான் பார்ப்பார். அதேபோல 10.20.0.0/16 என்றும் 10.20.5.0/24 என்றும் இரண்டு வழி இருந்தால், 10.20.5.7க்குப் போகும் பாக்கெட் /24 வழியில்தான் போகும் (கோட்டுக்குப் பின் எண் பெரிதானால் பலகை இன்னும் குறிப்பானது), மற்றது எத்தனை வேகமான கேபிளாக இருந்தாலும் சரி. எந்தப் பலகையிலும் இல்லாத ஊருக்கு 0.0.0.0/0 என்ற கடைசிப் பலகை. ஒரே ஊருக்கு ஒரே அளவில் இரண்டு பேர் வழி சொன்னால், யாரை நம்புவது என்பதற்கு ஒரு எண்: சிஸ்கோவில் நேரடி இணைப்புக்கு 0, கையால் எழுதியதற்கு 1, ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறைகளான ஓ.எஸ்.பி.எஃப்.க்கு 110, ஆர்.ஐ.பி.க்கு 120. சின்ன எண் ஜெயிக்கும். இதை வைத்தே மாற்று வழி அமைக்கலாம், ஆபத்துக்கு உதவும் வழியைக் கையால் எழுதி அதற்கு 200 என்று எண் கொடுத்துவிட்டால், முதல் வழி அட்டவணையிலிருந்து போனால் மட்டும் அது வெளியே வரும்.

ஓ.எஸ்.பி.எஃப். போன்ற ஒரே முறையே இரண்டு வழி சொன்னால் செலவு குறைந்தது ஜெயிக்கும். ஓ.எஸ்.பி.எஃப். செலவில் ஒரு பழைய குழி இருக்கிறது, விழாதீர்கள். 100 எம்.பி.யைக் கேபிள் வேகத்தால் வகுத்துச் செலவு போடுகிறது, ஒன்றுக்குக் கீழே போகாது. ஆக 100 எம்.பி., 1 ஜி.பி., 10 ஜி.பி. மூன்றுக்கும் செலவு 1. பத்து மடங்கு மெதுவான கேபிளையும் சமம் என்று நினைத்துப் பாதிச் சுமையை அதில் ஏற்றிவிடும். ரெஃபரன்ஸ் பேண்ட்விட்த் என்ற எண்ணை 1,00,000 எம்.பி. என்று எல்லா ரூட்டரிலும் ஒன்றுபோல வையுங்கள். உண்மையிலேயே சமமான வழிகள் இருந்தால் அவற்றில் பிரித்து அனுப்புவதற்கு ஈ.சி.எம்.பி. என்று பெயர், அங்கேயும் முன்னால் சொன்ன அதே ஹாஷ்தான், அதே குணம்தான்.

இரண்டு இன்டர்நெட் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாக்கெட் வாரியாகப் பிரிக்கவே கூடாது, பேங்க் தளத்தில் பாதி வேலை நடக்கும்போது உங்கள் வெளி முகவரி மாறினால் அது வெளியே தள்ளிவிடும். ஒரு ஆள் ஒரு இணைப்பிலேயே நிற்கும்படி, உள் ஐ.பி. முகவரியை வைத்துப் பிரியுங்கள்.

அமைத்து முடித்ததும் சோதிக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். கூட்டம் இருக்கும் நேரத்தில் ஒவ்வொரு போர்ட்டின் பைட் கணக்கைக் குறித்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள், இரண்டு கேபிளிலும் ஏறியிருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். ஐபெர்ஃப் என்ற வேக சோதனை மென்பொருளை ஓட்டினால் ஒரே இணைப்பாக ஓட்டாமல் எட்டு இணைப்பாக ஓட்டுங்கள், ஹாஷில் டி.சி.பி. போர்ட் எண் சேர்ந்திருந்தால்தான் அவை பிரியும். பிறகு ஒரு கேபிளைப் பிடுங்கி, ஒரு நிமிடம் பொறுத்துச் செருகி, அடுத்ததைப் பிடுங்குங்கள்.

கடைசியாக நம் கடற்கரைக்கே உரிய ஒன்று. ஏர்வாடியில் ஒரு விடுதியில் சிலருக்கு மட்டும் நெட் மெதுவாக இருந்தது, பக்கத்து அறைக்காரருக்கு நன்றாக ஓடியது. அதே ஆட்களுக்கு, தினமும். ஒன்றாகக் கட்டிய இரண்டு கேபிளும் இயங்கின, எல்.ஏ.சி.பி.யும் சரி. போர்ட்டின் சி.ஆர்.சி. பிழைக் கணக்கை (வழியில் சிதைந்து வந்த ஃப்ரேம்களின் எண்ணிக்கை) பார்த்தால் ஒரு கேபிளில் லட்சக்கணக்கில் ஏறியிருந்தது. ஜாக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது. விளக்கு எரியும் அளவுக்குத் தொடர்பு இருக்கிறது, பாக்கெட் முழுசாகப் போகும் அளவுக்கு இல்லை. எல்.ஏ.சி.பி. செய்தி விநாடிக்கு ஒன்றோ முப்பது விநாடிக்கு ஒன்றோதான், மூன்று தொடர்ந்து தவறினால்தான் கேபிளைக் கழற்றிவிடும், அதனால் அது பிழைத்துக்கொண்டது. ஹாஷ் தன் பங்குக்குப் பாதிப் பேரை அந்தக் கேபிளிலேயே ஏற்றிக்கொண்டிருந்தது. ஆகவே 'சிலருக்கு மட்டும், எப்போதும் அவர்களுக்கே' என்று புகார் வந்தால், ரூட்டரைத் தொடும் முன் ஒவ்வொரு போர்ட்டிலும் சி.ஆர்.சி. எண்ணைப் பாருங்கள். ஏறிக்கொண்டே இருக்கிற போர்ட்டை முதலில் கட்டிலிருந்து அணைத்துவிடுங்கள், மீதிக் கேபிள் தாங்கும். பிறகு முனையை ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் பளபளப்பான செம்பு தெரியும் இடத்தில் புது ஜாக் அடியுங்கள், கணக்கைப் பூஜ்யமாக்கி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் போகும் கேபிள் என்றால் செம்பே வேண்டாம், ஃபைபர் இழுங்கள், அதற்குத் துரு இல்லை, இடியும் அதில் இறங்காது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தை அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை என்று நான் எல்லா ஜாக்கையும் கழற்றிப் பார்க்கிறேன்.